இருட்டையும் சேர்த்து எடுத்த படம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்குத் தொலைபேசியை எந்தக் காதில் வைத்திருந்தேனோ அந்தக் காது அடுப்பாகிவிட்டது. மறுமுனையில் பேசியவர் நூலகக் குழுவின் தலைவர். பெரிய இரும்புக்கடைக்காரர். கம்பி விற்று விற்றுப் பேச்சும் வளையாமல் போய்விட்ட மனிதர்.

"சனிக்கிழமை கூட்டம் வச்சிருக்கோம்மா. மேற்குப் பக்கத்துச் சுவரை உடைச்சுக் கண்ணாடி போட்டுடலாம்னு முடிவு பண்ணப் போறோம். ஹால் இருட்டா இருக்கு."

"இருட்டா? யார் சொன்னது?"

"நான் சொல்றேன். படத்துல எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. நேர்ல வந்தா ஒண்ணுமே தெரியல. படத்தைக் காட்டி ஏமாத்திட்டீங்கன்னு நான் சொல்ல வரல."

"அதைத்தான் சொல்றீங்க."

"சனிக்கிழமை வாங்க, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

நான் ஆர்க்கிடெக்ட். அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்கு அலமாரி வரைந்து, கடைக்கு முகப்பு வரைந்து, குளியலறைக் குழாய் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ணி, பாதி வயசு தீர்ந்த பிறகு கிடைத்த முதல் பொதுக் கட்டடம் அந்த நூலகம். அதில் வாசிப்பு மண்டபம்தான் என் செல்லப்பிள்ளை. வடக்கு ஓரத்தில் ஒரே ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஏரி, ஏரிக்கு அப்பால் மரம் அடர்ந்த குன்று. உள்ளே மேற்குப் பக்கம் முழுக்க ஒரு நீளச் சுவர். ஆணிகூட அடிக்க விடாமல் நான் காப்பாற்றிய வெறும் சுண்ணாம்புச் சுவர். ஜன்னலில் நுழைகிற வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டு, வழுக்கிக்கொண்டே போய், மேசை மேசையாக இறங்கும். சுவர்தான் அந்த அறைக்கு விளக்கு. அதை உடைத்துக் கண்ணாடி போட்டால் சாயங்கால வெயில் படிக்கிறவர் கண்ணில் நேராகக் குத்தும். அப்புறம் திரை போட்டு மூடுவார்கள். மூடிவிட்டு டியூப் லைட் போடுவார்கள். அதற்கு ஒரு கிடங்கு கட்டியிருந்தால் போதுமே, நான் எதற்கு?

தலைவர் சொன்ன 'படம்' நான் எடுத்ததும் இல்லை, எடுக்கச் சொன்னதும் இல்லை. திறப்பு விழாச் சமயத்தில் குழு யாரையோ வைத்து எடுத்து இணையத்தில் போட்டது. அதற்குக் கீழே 'எச்.டி.ஆர். படம்' என்று பெருமையாக ஒரு வரி வேறு. மேசைக்கு மேலே எவ்வளவு வெளிச்சமோ மேசைக்கு அடியிலும் அவ்வளவு வெளிச்சம். குன்று கிளிப்பச்சை. ஏரி மருந்து பாட்டில் நீலம். தூண் ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் ஒளிவட்டம். என் தூண்கள் எல்லாம் ஒரே நாளில் ஞானம் பெற்றுவிட்டன. அதைப் பார்த்துவிட்டு நேரில் வருகிறவனுக்கு எந்த அறையும் இருட்டாகத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். அடுத்தவர்கள் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை அபூர்வமாகத்தான் திறப்பார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது திறந்தார்.

"படத்தால வந்த வினை. படத்தாலதான் தீரும். ஆமையைக் கூப்பிடு."

ஆமை என்பது அவருடைய தம்பி. அந்தப் பெயரை வைத்தது நான்தான், கல்யாணமான புதிதில். ஒரு கதவைப் படம் எடுக்கப் போனவன் அந்தக் கதவில் வெயில் விழுகிறவரை காத்திருந்து, மறுவீட்டு விருந்தில் பந்திக்கு வராமல், ராத்திரி ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டான். இப்போது வீடே அப்படித்தான் கூப்பிடுகிறது, அவனும் முகம் கோணாமல் திரும்பிப் பார்க்கிறான். மலை, ஏரி, பழைய கட்டடம், புதுக் கட்டடம், இவைதான் அவன் தொழில். அதில் பேர் சொல்கிற ஆள் என்று வெளியில் கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நான் நிச்சயமாக எடுத்துக்கொண்டதில்லை.

மறுநாள் அவன் மாடியறைக்குப் போனேன். கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவன், "உட்காருங்க அண்ணி, இதோ வந்துட்டேன்" என்றான். அவனுடைய 'இதோ' எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். உட்காராமல் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றேன். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். அவனைத் திட்டுகிற மும்முரத்தில் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

ஒரு பள்ளத்தாக்கு. முன்னால் மர நிழலில் ஈரமான கற்கள். தூரத்தில் வெயில் பட்ட மலை முகடு. என் கைபேசியில் இதை எடுத்திருந்தால் கல் கறுப்பாக அப்பியிருக்கும், இல்லையென்றால் முகடு வெள்ளையாகக் கரைந்திருக்கும். இதில் கல்லின் ஈரமும் தெரிந்தது, முகட்டின் விரிசலும் தெரிந்தது. ஆனாலும் நிழல் நிழலாகவே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேசாகக் குளிர்கிற மாதிரி இருந்து, கையைக் கட்டிக்கொண்டேன்.

"இது எங்க இருக்கு? எப்படிப் போகணும்?" என்று கேட்டேன்.

அவன் நாற்காலியோடு திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. "இப்படிக் கேட்டாத்தான் அண்ணி படம் சரியா வந்திருக்குன்னு அர்த்தம். 'என்னமா எடுத்திருக்கே'ன்னு சொன்னா எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம்."

இவ்வளவு நாள் என் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒருத்தனை வைத்துக்கொண்டு ஆமை ஆமை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைக் காட்டிக்கொள்ளாமல் விஷயத்தைச் சொல்லி, இணையத்தில் இருந்த அந்த ஞானத்தூண் படத்தையும் காட்டினேன்.

"இதுவும் எச்.டி.ஆர்.தானே? நீ பண்றதும் அதுதானே?"

"அதேதான். கேமராவுக்கு ஒரு நேரத்துல ஒண்ணுதான் தெரியும் அண்ணி. ஜன்னலைப் பார்த்தா ரூம் கறுப்பு, ரூமைப் பார்த்தா ஜன்னல் வெள்ளை. நம்ம கண்ணு அங்க ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரி மாத்தி மாத்திப் பார்த்து ஒண்ணாச் சேர்த்துக்கும். அதனால நான் கேமராவை அசையாம வச்சு, ஜன்னலுக்கு ஒரு படம், சுவருக்கு ஒரு படம், மேசைக்கு ஒண்ணு, இருட்டு மூலைக்கு ஒண்ணுன்னு எடுத்து அப்புறம் சேர்ப்பேன். இவரும் அதைத்தான் பண்ணியிருக்காரு. ஆனா சேர்க்கும்போது ஆசை வந்துடுச்சு. எல்லாத்தையும் காட்டணும்னு ஆசை."

"எனக்கும் அந்த ஆசைதான். ஒரு மூலை விடாம வெளிச்சமா எடுத்துக் குடு. அந்த மனுஷன் வாயை அடைக்கணும்."

அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டான். அது சம்மதம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை நாங்கள் நூலகத்துக்குப் போனதும் நூலகர் அம்மா சாவிக்கொத்தோடு ஓடிவந்து முன்வாசலைத் திறந்துவிட்டார். நான் எப்போது போனாலும் அப்படித்தான் திறப்பார். அந்த வாசலிலிருந்து மண்டபத்துக்கு ஒரு வளைந்த நடைபாதை போகிறது. தாழ்வான கூரை, சக்கர நாற்காலியும் போகிற மாதிரி மெல்லிய சரிவு, ஒரு பக்கம் சின்னச் சின்னத் திறப்புகள். வெளியே கொதிக்கிற வெயிலிலிருந்து வருகிற கண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரட்டும் என்று நான் பார்த்துப் பார்த்து வரைந்தது. ஆமை தன் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்தப் பாதையில் வந்தான். மண்டபத்துக்குள் நுழைந்ததும் நின்றான்.

"அண்ணி," என்றான். அவ்வளவுதான் சொன்னான். கட்டடத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒற்றை 'அண்ணி' எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்புறம் அவன் செய்ததுதான் என் பொறுமையைச் சோதித்தது. கேமராவை எடுக்கவில்லை. வாசகர் நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"என்னடா பண்றே?"

"பார்க்கிறேன்."

"சும்மா உட்கார்ந்திருக்க எங்க வீட்டு சோபா போதாதா? இதுக்கு நூலகத்தை அடைச்சு வச்சிருக்கணுமா?"

"நீங்களும் உட்காருங்க அண்ணி. எதிர் அலமாரியில புத்தகத்தோட முதுகுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. கீழ்த்தட்டுலருந்து."

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். கீழ்த்தட்டு, அதற்கு மேல், அதற்கும் மேல். மேல்தட்டுக்கு வந்ததும் எழுத்து பிடிபடவில்லை. புத்தகம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அவனுக்கும் அப்படித்தான். ஜன்னல் பக்கம் பார்த்துக் குன்றில் மரங்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடிகிறதா என்று கேட்டான். முடிந்தது. மேசைக்கு அடியில் காலடியில் கிடந்த பென்சில் தெரிகிறதா? தெரிந்தது, ஆனால் என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றையும் மனசுக்குள் போட்டுக்கொண்ட மாதிரி தலையாட்டினான். எது எந்த அளவுக்குத் தெரிகிறது என்று இப்படித் தெரிந்துகொண்ட பிறகுதான் ட்ரைபாடை விரித்தான். கேமராவைப் பூட்டி, அதைத் தொடாமல் தூரத்திலிருந்து ஒரு சின்னப் பொத்தானை அமுக்கி, சோதனைக்காக ஒரு சுற்று, ஒரே இடத்திலிருந்து படம் படமாக எடுத்தான். முதல் படத்தில் ஏரியும் குன்றும் தவிர எதுவும் இல்லை. கடைசிப் படத்தில் ஜன்னல் வெறும் வெள்ளைத் துணி, ஆனால் மேசைக்கு அடியில் பென்சில் சிவப்பாகக் கிடந்தது.

நிஜச் சுற்றின் பாதியில் பக்கக் கதவு திறந்தது. முற்றத்திலிருந்து புத்தக மூட்டை இறக்குவதற்காக நான் வைத்த கதவு அது. வெயிலிலிருந்து நூலகர் அம்மா உள்ளே வந்தார். கையை முன்னால் நீட்டித் துழாவினார். துழாவியும் ஒரு நாற்காலியில் இடித்து, அதை ஒரு சாண் தள்ளிவிட்டார். போச்சு. முதல் படங்களில் நாற்காலி ஓரிடம், அடுத்த படங்களில் வேறிடம். சேர்த்தால் ஆவி மாதிரி ஒன்றுக்கு இரண்டு நாற்காலி நிற்கும். மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். எனக்குக் காது சூடாகத் தொடங்கியது. ஆமைக்கோ நாற்காலியைப் பற்றிக் கவலையே இல்லை. அவன் நூலகர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தினமும் இங்கதானே இருக்கீங்க? நாற்காலி தெரியலையாம்மா?"

"வெளியிலருந்து வந்தா கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது தம்பி. பழகிடுச்சு."

"எல்லாரும் இந்தக் கதவு வழியாத்தான் வருவாங்களா?"

"வேற எப்படி? வண்டி நிறுத்தற இடம் இந்தப் பக்கம்தானே. காவலுக்கு ஒரே ஆள், அதனால ஒரு கதவுதான் திறக்கறது. முன்வாசல் மேடம் வந்தா மட்டும் திறப்போம். அவங்க கட்டினது, அந்த மரியாதைக்கு."

ஆமை எழுந்து பக்கக் கதவு வழியாக வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தான். வாசலிலேயே நின்றான். மறுபடி போனான், மறுபடி வந்தான். அப்புறம் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணி, அவர் சொல்றது பொய் இல்ல."

"யார்?"

"தலைவர். இருட்டாத்தான் இருக்கு."

"நீ யார் பக்கம்டா?" மண்டபம் எதிரொலித்தது. நூலகர் அம்மா நைசாக நழுவினார். "உன்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்? இத்தனை மணி நேரம் உட்கார்ந்து புத்தக முதுகெல்லாம் படிச்சோமே, அது என்ன இருட்டுலயா?"

"நாம நடைபாதையில வந்தோம். அப்புறம் உட்கார்ந்துட்டோம். நம்ம கண்ணு பழகிடுச்சு. நீங்க ஒரே ஒரு தடவை வெயில்ல நின்னுட்டு அந்தக் கதவு வழியா வாங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன்."

திட்டுவதற்காகவே போனேன். முற்றத்தில் வெயில் தார்த்தரையை உருக்கிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே கால் வைத்தேன்.

ஜன்னல் மட்டும் தெரிந்தது. தூரத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் கறுப்பு. என் மேசைகள் இல்லை, அலமாரிகள் இல்லை, நான் உயிராக நினைத்த சுவர் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆமை எங்கே நிற்கிறான் என்றுகூடத் தெரியவில்லை. இத்தனை காலமாக என் கட்டடத்துக்குள் நான் வரைந்த வழியிலேயே வந்து, நான் வரைந்தபடியே பார்த்து, நானே என் முதுகைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறேன். மற்ற எல்லோரும் வந்து நின்றது இந்த இருட்டில்.

"திட்டுங்க" என்றது இருட்டு.

"வாயை மூடு" என்றேன்.

அவன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, வெளிச்சம் மாறுவதற்குள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்தான். இந்தத் தடவை நான் கதவுக்குக் காவல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அவன் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்தான். முதலில் அந்த ஞானத்தூண் மாதிரியே ஏதோ வந்து நின்றது. அதிலிருந்து அவன் கழிக்கத் தொடங்கினான். கூட்டுகிற வேலை என்று நினைத்திருந்தேன். கழிக்கிற வேலையாக இருந்தது. குன்றின் பச்சையைக் குறைத்தான். அன்று வானம் நீலமாக இல்லை, வெளுத்துத்தான் இருந்தது, வெளுப்பாகவே விட்டான். தூண் ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பு இருப்பதாகச் சொல்லி, எனக்குத் தெரியவே தெரியாத அந்த விளிம்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தேடி எடுத்தான். சுவரில் ஜன்னல் பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை வெளிச்சம் எப்படிப் படிப்படியாகத் தணிகிறதோ அப்படியே தணியவைத்தான். அந்தத் தணிவைக் கொண்டுவர நான் காகிதத்தில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். யாரிடமும் சொல்லாத ஒன்றை ஒருத்தன் தானாகவே புரிந்துகொண்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மேல்தட்டுக்கு வந்தான். புத்தக முதுகில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"ஆ, அதை விடு, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"அங்க நம்மால படிக்க முடிஞ்சுதா அண்ணி?"

"இல்ல. அதனாலென்ன? படத்துல தெரிஞ்சா நல்லதுதானே?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாதது இதுல தெரிஞ்சா, அப்புறம் அந்த வெப்சைட் படத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" எழுத்து மங்கி மறைகிறவரை இருட்டைத் திரும்பக் கொண்டுவந்தான். பென்சிலின் சிவப்பும் போயிற்று.

முடிந்தபோது அந்த மண்டபத்துக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் கையைத் தட்ட எழுந்தபோது அவன், "இன்னொண்ணு இருக்கு" என்றான்.

அதே படங்களைத்தான் வேறு அளவில் சேர்த்திருந்தான். ஜன்னலில் குன்று தெளிவாக இருந்தது. மற்றதெல்லாம் கிட்டத்தட்டக் கறுப்பு. மேசை விளிம்புகள் மட்டும் ஏதோ கோடுகள் மாதிரி. பக்கக் கதவில் கால் வைத்த அந்தக் கணம். ஒரு மயிரிழை பிசகாமல் அதுதான்.

"இதை எதுக்குப் பண்ணினே?"

"இதையும் காட்டணும். இதை முதல்ல காட்டணும்."

"உனக்கென்ன பைத்தியமா? உடைக்கப் போறவன் கையில நானே கடப்பாரையைக் குடுக்கவா?"

"அவர் கண்ணால பார்த்ததை நாம இல்லன்னு சொன்னா, அப்புறம் நாம எதைச் சொன்னாலும் எடுபடாது அண்ணி."

கத்தினேன். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருமுனை வரை போனேன். அங்கே வெயிலில் நின்றபோது, இரண்டு நாள் முன்னால் அந்தக் கறுப்புக்குள் நான் நின்ற நிலை ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, "ரெண்டையும் பெரிசா பிரிண்ட் போடு" என்று மட்டும் சொன்னேன். அவன் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான்.

சனிக்கிழமை கூட்டம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அலுவலக அறையில். குழுவினர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எது சொன்னாலும் எல்லாத் தலையும் ஒன்றாக ஆடும். முதலில் சேர்த்த வெளிச்சப் படத்தைக் கொண்டுபோய் மண்டபத்தில் கேமரா நின்ற இடத்திலேயே ஒரு தாங்கியில் வைத்துவிட்டு வந்தோம். கறுப்புப் படத்தை நான் மேசையில் வைத்தேன்.

"நீங்க சொன்னது சரி," என்றேன். என் வாழ்நாளில் இந்த வாக்கியத்தை அதிகம் பயன்படுத்தியதில்லை. "அந்தக் கதவு வழியா வந்தா இப்படித்தான் தெரியுது."

தலைவர் படத்தைக் கையில் எடுத்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"இது கேமராவுல இப்படி விழுந்துதா?" என்று ஆமையிடம் கேட்டார்.

"கேமராவுல எப்படி வேணும்னாலும் விழ வைக்கலாம் சார். உள்ள வந்த உடனே என் கண்ணுக்குத் தெரிஞ்ச அளவுக்கு இதை வச்சிருக்கேன். அண்ணிக்கும் இப்படித்தான் தெரிஞ்சுது."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குமா?"

"எனக்கும்தான். பக்கத்துல நின்ன இவன்கூடத் தெரியல."

"தம்பி, நீங்க மூக்குக்கண்ணாடி போடறதில்லையே?"

"இல்ல சார்."

"வயசு?"

"முப்பத்தாறு."

தலைவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். கிண்டல் பண்ணுகிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். ஆமை கண்ணால் அடக்கினான். "முன்வாசல் வழியா ஒரு தடவை வந்து பார்த்துடுங்க சார். அதுக்கப்புறம் உங்க முடிவு."

நூலகர் அம்மா முன்வாசலைத் திறந்தார். வெயிலில் இருந்து நடைபாதைக்குள் இறங்கினோம். தலைவர் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டே வந்தார். திருப்பத்தில் நின்றார், எதிரே இருந்த சின்னத் திறப்பைப் பார்த்தார், மறுபடி நடந்தார். போகப்போக அவர் கை சுவரை விட்டது. மண்டபத்துக்குள் வந்தபோது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சாதாரணமாக நடந்து வந்தார்.

தாங்கியில் இருந்த படத்தின் முன்னால் நின்று படத்தைப் பார்த்தார். தலையைத் தூக்கி மண்டபத்தைப் பார்த்தார். மறுபடி படம், மறுபடி மண்டபம். ஏரி, குன்று, சுவர், மேசை என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். கடைக்கு வந்த சரக்கைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். அலமாரிக்கு வந்ததும் விரலை நீட்டினார்.

"மேல்தட்டு மட்டும் படிக்க முடியல."

நான் ஆமையைப் பார்த்தேன்.

"எங்களாலயும் முடியல சார்" என்றான் ஆமை.

"படத்துலயும் முடியல."

"ஆமா சார்."

"அப்ப இது நிஜப் படம்" என்றார் தலைவர். பிறகு குழுவினர் பக்கம் திரும்பி, குரலை ஏற்றாமல், "சுவரைத் தொட வேண்டாம். திங்கட்கிழமையிலருந்து முன்வாசல்தான். இணையத்துல இருக்கிற படத்தை எடுத்துட்டு இதைப் போடுங்க" என்றார். எல்லாத் தலைகளும் ஆடின. ஒருவர் மட்டும் இந்தப் படத்தில் அவ்வளவு பளபளப்பு இல்லையே, ஆட்கள் வருவார்களா என்று இழுத்தார். தலைவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் கலைந்து போனார்கள். ஆமை தாங்கியை மடக்கிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் போய், "நீ பெரிய ஆள்டா" என்று சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்காமல், நேராக. அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. தாங்கியின் காலை மடக்கத் தெரியாதவன் மாதிரி அதையே நோண்டிக்கொண்டிருந்தான்.

தலைவர் இன்னும் போகவில்லை. சுவர் ஓரமாக நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கடையில் கேட்கிற அந்தக் கனத்த குரல் இல்லை.

"ஹால் திறந்த மறுவாரம் பக்கக் கதவு வழியா வந்தேன்மா. படத்துல எல்லாம் தெரிஞ்சுது. நேர்ல எனக்கு ஒண்ணும் தெரியல, பயந்துபோய் உட்காராமலே திரும்பிட்டேன். எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன். நான் இருட்டுன்னு சொன்னதும் எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. எனக்காகச் சொல்றாங்கன்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டுச் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"கண்ணு போயிட்டிருக்குன்னு முடிவே பண்ணிட்டேன். வீட்டுல சொல்லல. டாக்டர்கிட்டயும் போகல, போனா ஆமான்னு சொல்லிடுவாரோன்னு பயம். சுவரை உடைச்சு நிறைய வெளிச்சம் வந்துட்டா எனக்கும் மத்தவங்க மாதிரி தெரியும்ல? அதுக்குத்தான்மா உடைக்கச் சொன்னேன்."

இந்த மனிதரை நான் வாரம் முழுக்க வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். மேசைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"எதுக்கும் ஒரு தடவை கண் டாக்டரைப் பார்த்துடுங்க" என்றேன் கடைசியில்.

"இப்பப் போவேன்" என்றார்.

மேசையில் யாரோ விட்டுப்போன புத்தகம் கிடந்தது. அதை இழுத்து, நடுவில் பிரித்து, விரலை வைத்து ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரியா?"

அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து அந்த வரியைப் பார்த்தேன்.

"சரிதான்" என்றேன்.